பட்டின் பாதை – 17: முட்டைக்கு வந்த அரசு முத்திரை

காஞ்சிபுரத்தில் பட்டுப்புழுவைப் பற்றிய பேச்சு அபூர்வம். தறியைப் பற்றிப் பேசுவார்கள், ஜரிகை விலையைப் பற்றிப் பேசுவார்கள், கோர்வை போட ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசுவார்கள். புழு என்ற சொல் ஊருக்குள் அடிபட்டால், பெரும்பாலும் அது காஞ்சிப் பெரியவரின் பேச்சை ஒட்டித்தான். பட்டு உடுத்த வேண்டாம் என்று அவர் பெண்களிடம் சொல்லிவந்தார். அத்தனை உயிர்களைக் கொன்று எடுக்கும் துணி வேண்டாம் என்பது அவர் கட்சி. பட்டால் பிழைக்கும் ஊர், தன் மடத்திலிருந்து வந்த அந்தச் சொல்லை மரியாதையோடு கேட்டுக்கொண்டது. தறியையும் நிறுத்தவில்லை.

கூட்டுறவுச் சங்கங்கள் வந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். சங்கம் நூலைக் கொடுக்கும், நெசவாளி நெய்து கொடுப்பார், கூலி வாங்கிக்கொள்வார் என்று எழுதியிருந்தோம். அந்த நூல் சங்கத்துக்கு எங்கிருந்து வந்தது? காஞ்சிபுரத்தைச் சுற்றி மல்பெரித் தோட்டம் பேருக்குக்கூட இல்லை. டான்சில்க் என்கிற தமிழ்நாடு கூட்டுறவுப் பட்டு உற்பத்தியாளர் இணையமும் அண்ணா பட்டுப் பரிமாற்றகமும் ஊரில் இருக்கின்றன. அங்கே ஏலத்துக்கு வரும் நூல் தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் கோவைப் பக்கத்திலிருந்தும் வருகிறது. தனியார் வியாபாரிகளின் நூல் பெங்களூரு வழியாக வருகிறது. சில காலம் சீனாவிலிருந்து கப்பலேறியும் வந்தது.

இந்த அத்தியாயம் அந்த நூலுக்கு முந்திய கதை. நூலுக்கு முன்னால் கூடு, கூட்டுக்கு முன்னால் புழு, புழுவுக்கு முன்னால் முட்டை. குண்டூசித் தலையைவிடச் சிறிய அந்த முட்டைக்குள் நாலு அரசாங்கங்களின் பணமும் நூற்றைம்பது ஆண்டு ஆராய்ச்சியும் போயிருக்கின்றன.

பாவு கேட்கும் நூல்

முதலில் தறியடியிலிருந்து தொடங்குவோம். காஞ்சிப் புடவையின் பாவு பல இழைகளைச் சேர்த்து முறுக்கிய கனமான நூல். அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, காயவிட்டு, இழை இழையாகச் சரிபார்த்துத் தறியேற்றுவார்கள். தறியேறிய பிறகு ஒவ்வொரு மிதிக்கும் பாவு ஏறி இறங்கும்; ஒவ்வொரு அடிக்கும் அச்சுப் பல் அதன்மேல் உரசும். கோர்வைப் புடவையில் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா என்று ஓடும்போது இழுவை இன்னும் கூடும். இத்தனையையும் நூல் தாங்க வேண்டும். ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடித்திருந்தால் மெலிந்த இடத்தில் அறும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு அச்சுக்குள் விட்டு இழுப்பதற்குள் நேரம் போய்விடும். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

அதனால்தான் நம் நெசவாளர்கள் பாவுக்கு ஆலையில் இழுத்த ஃபிலேச்சர் பட்டும் ஊடைக்கு சர்க்கா பட்டும் என்று பிரித்து வைத்திருந்தார்கள். சர்க்கா நூல் கைராட்டையில் இழுத்தது, கொஞ்சம் ஏறக்குறைய இருக்கும். ஊடைக்கு இழுவை குறைவு என்பதால் அது போதும்.

நூல் ஏன் ஏறக்குறைய ஆகிறது? நூற்பவரின் கை ஒரு காரணம். கூடு இன்னொரு காரணம். ஒரு கூடு என்பது ஒரே இழை. பழைய மைசூர் இனத்துக் கூட்டில் அந்த இழை 400 மீட்டரைத் தொடுவதே பெரிது. இழை தீர்ந்ததும் அடுத்த கூட்டின் நுனியைச் சேர்க்க வேண்டும், சேர்க்கும் ஒவ்வொரு இடத்திலும் கனம் மாறும். குளிர்நாட்டு இனக் கூட்டில் இழை 1,000 மீட்டர் ஓடும். இழை நீண்டால் சேர்ப்பு குறையும், சேர்ப்பு குறைந்தால் நூல் சீராகும். ஆக, காஞ்சிபுரத்துத் தறியில் பாவு அறுவது பாதிக்குப் பாதி உயிரியல் சங்கதி. புழுவின் உயிரியலில் அரசு கை வைத்த கதை பிரான்சில் தொடங்குகிறது.

உள்ளே ஏதோ இருக்கிறதா?

1850களில் பிரான்சின் தென்பகுதியில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. உடம்பில் மிளகைத் தூவினதுபோல் கறுப்புப் புள்ளிகள் தோன்றும், தின்பது நிற்கும், கூடு கட்டாமலே சாகும். பெப்ரின் என்று அதற்குப் பெயர். 1853-இல் 26,000 டன் கூடு விளைந்த நாட்டில் 1865-இல் 4,000 டன்தான் விளைந்தது. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் நோய் பரவியது. வியாபாரிகள் நல்ல முட்டை தேடி ஜப்பான் வரை போனார்கள்.

பிரெஞ்சு அரசு விசாரிக்க ஆள் தேடியது. வேதியியல் அறிஞர் ழான் பாப்டிஸ்ட் துமா, தன் மாணவர் லூயி பாஸ்டரை அனுப்பச் சொன்னார். பாஸ்டருக்குப் புழுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. போகிற வழியில் அவிஞோனில் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாப்ரைப் பார்க்கப் போனார். ஃபாப்ர் கொடுத்த பட்டுக்கூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ இருக்கிறதா என்று கேட்டாராம். கூட்டுப்புழு இருக்கிறது என்று விளக்க வேண்டியிருந்தது. பட்டுத் தொழிலைக் காப்பாற்ற அரசு அனுப்பிய ஆள் இவர்தானா என்று ஃபாப்ர் வியந்துபோனதை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

1865 முதல் பாஸ்டர் அலேஸ் என்ற ஊர்ப் பக்கம் ஆண்டுதோறும் முகாமிட்டார். மனைவியும் மகளும் புழு வளர்ப்பில் உதவினார்கள். நடுவில், 1868-இல், அவருக்குப் பக்கவாதம் வந்து உடம்பின் இடப்பக்கம் பழுதுபட்டது. வேலை நிற்கவில்லை. நோய்க் கிருமி தாய் அந்துப்பூச்சியின் உடம்பிலிருந்து முட்டைக்குள் இறங்குகிறது என்று அவர் நிறுவினார். புழுவுக்கு மருந்து தேடுவதை விட்டுவிட்டுத் தாயைச் சோதிக்கச் சொன்னார்.

அந்தச் சோதனை இன்றும் ஓசூரிலும் சேலத்திலும் அப்படியே நடக்கிறது. முட்டை உற்பத்தி செய்யும் இடத்துக்கு நம் அரசுத் துறை வைத்த பெயர் வித்தகம். அங்கே ஆண் பூச்சியோடு சேர்ந்த பெண் பூச்சியைத் தனித்தனியே அட்டையில் விட்டு மேலே ஒரு புனலைக் கவிழ்த்து வைப்பார்கள். இரவெல்லாம் அது முட்டையிடும். இட்டு முடிந்த தாயை எடுத்து, கொஞ்சம் கார நீர் விட்டுச் சிறு உரலில் அரைப்பார்கள். அரைத்த சாற்றில் ஒரு சொட்டு கண்ணாடிச் சில்லில் விழும். நுண்ணோக்கியில் அரிசி வடிவில் பளபளவென்று மிதக்கும் துகள்கள் தெரிந்தால் அது பெப்ரின். அந்தத் தாயின் முட்டை முழுக்க நெருப்புக்குப் போகும். தெரியாவிட்டால் அது நோயற்ற முட்டைத் தொகுதி. ஒரு தாய் இட்ட நானூறு ஐந்நூறு முட்டை ஒரு தொகுதி. விவசாயி ‘நூறு தொகுதி வாங்கியிருக்கேன்’ என்று சொல்வது இந்தக் கணக்கில்தான்.

அரசு உயிரியல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து, அந்த ஆராய்ச்சி ஒரு தொழிலைத் தூக்கி நிறுத்திய பழைய உதாரணங்களில் இது முக்கியமானது. பாஸ்டர் பின்னாளில் மனித நோய்களுக்குப் போனதும் இந்தப் புழுக் கொட்டகை வழியாகத்தான். ஆனால் பிரான்சின் பட்டு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து ஆசியப் பட்டு மலிவாக வந்து இறங்கியது. ஆய்வகம் காப்பாற்றியதைச் சந்தை அடித்துக்கொண்டு போனது. இந்தக் காட்சி நம் கதையிலும் திரும்ப வரப்போகிறது.

ஜப்பான் போட்ட கலப்பு

பாஸ்டர் நோயை விலக்கினார்; இனத்தை மாற்றவில்லை. அந்த வேலையைச் செய்தவர் ஜப்பானியரான தோயாமா கமெதாரோ. மெண்டலின் பாரம்பரிய விதிகள் 1900-இல் மறுபடி கண்டெடுக்கப்பட்டபோது, அவை செடிகளுக்கு மட்டுமா விலங்குகளுக்குமா என்று உலகம் விவாதித்தது. சயாம் அரசின் அழைப்பில் பாங்காக் போயிருந்த தோயாமா, சயாம் புழுவையும் ஜப்பான் புழுவையும் கலந்து பார்த்து, பட்டுப்புழுவுக்கும் அதே விதிகள் பொருந்துகின்றன என்று 1906-இல் எழுதினார். இரண்டு தூய இனங்களைக் கலந்தால் வரும் முதல் தலைமுறை, தாய் தந்தை இருவரையும்விடத் திடமாக இருக்கும், விவசாயிக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஜப்பான் அரசு அதைப் பிடித்துக்கொண்டது. 1911-இல் பட்டுத் தொழிலுக்குத் தனிச் சட்டம் வந்தது, தாய் இன முட்டைக்கு அரசு நிலையம் வந்தது. 1914 முதல் கலப்பின முட்டை விநியோகம் தொடங்கியது. 1920களின் முடிவுக்குள் ஜப்பானிய விவசாயிகள் ஏறத்தாழ எல்லோரும் கலப்பினத்துக்கு மாறிவிட்டார்கள். உலகச் சந்தை ஜப்பான் கையில் விழுந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கலப்பினக் கூட்டிலிருந்து விவசாயி அடுத்த முட்டையை எடுக்க முடியாது, எடுத்தால் குணம் சிதறிவிடும். ஒவ்வொரு முறையும் வித்தகத்துக்கு வந்தாக வேண்டும். அதனால் தூய இனங்களை யார் காப்பாற்றுகிறார்கள், யார் கலக்கிறார்கள், யார் முத்திரை வைக்கிறார்கள் என்பது தொழிலின் கழுத்தைப் பிடித்திருக்கிற கேள்வி ஆகிவிட்டது. ஜப்பானில் அந்தப் பிடி அரசிடம் இருந்தது.

கொள்ளேகால் நம்முடையதாக இருந்தபோது

தென்னிந்தியாவில் பட்டுப்புழு வளர்ப்பைப் பெரிதாக வேரூன்றச் செய்தவர் திப்பு சுல்தான். குளிர்காலம் என்று ஒன்று இல்லாத நாட்டில் ஆண்டு முழுக்கத் தலைமுறை தலைமுறையாகப் பொரிக்கும் இனம்தான் நிலைத்தது. வெயில் தாங்கும், நோய் தாங்கும், பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் சிறு கூடு கட்டும். அதுவே மைசூர் இனம். 1890களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானிய நிபுணர்களை அழைத்துப் பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணை வைத்தார். 1910களில் மைசூர் சமஸ்தானம் இத்தாலிய நிபுணர் வாஷிங்டன் மாரியைக் கூட்டிவந்து பட்டுக்கென்று துறையே தொடங்கியது. உள்ளூர்த் தாய்க்கு வெளிநாட்டுத் தந்தை என்ற கலப்பு முட்டை 1920களில் மைசூர் கிராமங்களுக்குப் போக ஆரம்பித்தது.

ஆங்கில அரசு அந்த அளவுக்கு அக்கறை காட்டவில்லை. பூச்சியியலாளர் மாக்ஸ்வெல் லெஃப்ராயும் அன்சார்ஜும் இந்தியப் பட்டுத் தொழிலை நாடெங்கும் சுற்றிப் பார்த்து 1917-இல் மூன்று பகுதி அறிக்கை கொடுத்தார்கள். அறிக்கை அலமாரிக்குப் போனது. 1930களின் தொடக்கத்தில் ஜப்பான் பட்டும் சீனப் பட்டும் கொட்டிக் குவிந்து உள்ளூர் வளர்ப்போர் முழி பிதுங்கிய பிறகு, சுங்கவரி வாரியம் விசாரித்து 1934-இல் பாதுகாப்பு வரி வந்தது.

அந்நாளில் சென்னை மாகாணத்துக்கும் சொந்தமாக மல்பெரிச் சீமை ஒன்று இருந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகா. மைசூரை ஒட்டிய மேட்டுநிலம். மாகாணத்தின் பட்டுக்கூட்டில் பெரும்பங்கு அங்கேதான் விளைந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பட்டு நின்றுபோய், பாராசூட்டுக்குப் பட்டு தேவைப்பட்டபோது தென்னிந்திய நூற்பாலைகளுக்கு யோகம் அடித்தது. போர் முடிந்ததும் அது அடங்கியது.

விடுதலைக்குப் பிறகு நாடாளுமன்றம் முதல் வேலைகளில் ஒன்றாக 1948-இல் மத்திய பட்டு வாரியச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வங்காளத்தில் பெர்காம்பூரில் 1943-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் பின்னர் வாரியத்தின் கீழ் வந்தது. மைசூரில் மத்தியப் பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் 1961-இல் அமைந்தது.

இதற்கு நடுவில் 1956 நவம்பர் 1 வந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது. திருத்தணிக்கும் தேவிகுளம், பீர்மேட்டுக்கும் நடந்த கிளர்ச்சிகளைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். கொள்ளேகாலோடு காஞ்சிபுரத்தின் நூற்காடும் போனதை யாரும் பெரிதாக எழுதவில்லை. நெசவு ஒரு மாநிலத்தில், புழு இன்னொரு மாநிலத்தில் என்று ஆனது. தாளவாடி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் மல்பெரி நம்மிடம் மிஞ்சியது. நாட்டிலேயே பட்டை அதிகம் நெய்து அதிகம் உடுத்துகிற மாநிலங்களில் ஒன்று, நூலுக்கு அண்டை வீட்டுத் திண்ணையில் நிற்க வேண்டியதாயிற்று.

கிருஷ்ணசுவாமியின் புழுவும் ஊசி ஈயும்

மைசூர் நிலையத்தில் எஸ். கிருஷ்ணசுவாமி தலைமையிலான குழு 1970களில் செய்த வேலை இந்தக் கதையின் திருப்பம். ஜப்பானிய இனங்களைக் கலந்து, தென்னிந்தியக் காலநிலையில் தாக்குப்பிடிக்கும் வெள்ளைக்கூட்டு இனங்களை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் என்.பி.4டி2 என்ற பெயர் வாய்க்குள் நுழையாவிட்டாலும் ஊர் ஊராக நுழைந்தது. மைசூர்த் தாய்க்கு இந்த இனத்தைத் தந்தையாக்கிய கலப்பு அடுத்த இருபது ஆண்டு தென்னகத்தை ஆண்டது. புழு வளர்ப்புக்கு அவர் எழுதிய கையேட்டை உலக உணவு வேளாண்மை நிறுவனமே 1973-இல் வெளியிட்டது.

அந்தக் கையேடு சொன்னவை சாதாரணச் சங்கதிகள். இளம்புழுவுக்குத் தளிர் இலை, முதிர்ந்த புழுவுக்கு முற்றிய இலை. அறையை ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன்னால் கிருமிநீக்கம் செய். தோலுரிக்கும் நேரத்தில் தீனி போடாதே. ஆனால் புழு நாலு முறை தோலுரித்து, இருபத்தைந்து நாளில் தன் எடையைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கும் பிராணி. அதில் ஒரு நாள் தப்பு நடந்தால் மொத்த வளர்ப்பும் போகும். பால்புழு நோய் வந்த கொட்டகையில் காலையில் போட்ட இலை மாலைவரை அப்படியே கிடக்கும். புழுவைத் தொட்டால் தோல் கிழிந்து வெள்ளையாக ஒழுகும்.

தமிழ்நாடு 1979-இல் பட்டு வளர்ச்சிக்கென்று தனித் துறை தொடங்கியது. தலைமையகம் சேலம். கொள்ளேகால் போன இடத்தை ஓசூர், தர்மபுரி, கிருஷ்ணகிரியால் நிரப்புவது திட்டம். குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்த எம்.ஆர்.2 மல்பெரி, சாம்பல் நோயைத் தாங்கிப் பல ஊர்களில் வேர்விட்டது. தர்மபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி வந்தது. விவசாயி கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்ட, நூற்பவர்கள் கையில் எடுத்து அழுத்திப் பார்த்து ஏலம் கேட்பார்கள். இடைத்தரகன் சொன்னதே விலை என்ற நிலை அங்கே உடைந்தது.

துறை தொடங்கிய அடுத்த வருடமே ஒரு சோதனை. 1980-இல் வங்காளத்திலிருந்து கூடுகளோடு சேர்ந்து வந்த ஊசி ஈ கர்நாடகத்தில் தென்பட்டது. புழுவின் மேல் முட்டையிடும். அதன் குஞ்சு உள்ளே புகுந்து தின்னும். கொஞ்ச காலத்தில் தமிழகத்துக்கும் வந்தது. வலை கட்டச் சொன்னார்கள். பிறகு ஆராய்ச்சி நிலையங்கள் அந்த ஈயின் கூட்டுப்புழுவையே தின்னும் நெசோலிங்க்ஸ் என்ற சிறு குளவியை வளர்த்துப் பைபையாகக் கொடுத்தன. பூச்சிமருந்து அடிக்க முடியாத தொழில் இது; அடித்தால் பட்டுப்புழுவும் சாகும். அதனால் ஆய்வகத்தின் உதவி இங்கே சலுகை ஆகாது, உயிர்மூச்சு.

வெண்கூடு வந்த வழி

மைசூர்த் தாயின் கலப்பின நூல் ஊடைக்கு ஆனது, பாவுக்குப் போதவில்லை. தந்தை, தாய் இரண்டுமே குளிர்நாட்டு இனமாக இருந்தால்தான் ஆயிரம் மீட்டர் இழை கிடைக்கும். ஆனால் அந்த இனத்தின் முட்டை தூங்கும் முட்டை. குளிர்காலம் கடந்தால்தான் பொரிக்கும். நம் ஊரில் குளிர்காலத்தை ஐஸ் அறையில் செய்துகொள்ள வேண்டும், அல்லது முட்டையிட்ட ஒரு நாளுக்குள் அமிலத்தில் குளிப்பாட்டி எழுப்ப வேண்டும். புழுவுக்கு வெயில் ஆகாது.

உலக வங்கிக் கடனோடும் சுவிட்சர்லாந்தின் உதவியோடும் 1989-இல் தேசியப் பட்டுத் திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. 1991-இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் மைசூர் நிலையத்தோடு கைகோத்தது. பலன் 1997-இல் வந்தது. வெண்கூடு கட்டும் சி.எஸ்.ஆர்.2, சி.எஸ்.ஆர்.4 என்ற இனங்களின் கலப்பு விவசாயிகளுக்கு அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டு வி1 என்ற மல்பெரி ரகமும் வெளிவந்தது. அகன்ற, சதைப்பற்றான இலை. பாசனம் இருந்தால் ஹெக்டேருக்கு ஆண்டில் அறுபது டன்னுக்கு மேல். புழுவும் தீனியும் ஒன்றாக வந்தது நல்ல ஜோடியாக அமைந்தது.

இந்த வெண்கூட்டை இறுகப் பிடித்துக்கொண்டது தமிழ்நாடு. கர்நாடகத்தில் பழைய மஞ்சள்கூட்டுப் பழக்கம் ஆழமாக இருந்தது, மாற யோசித்தார்கள். நம் பக்கம் பலருக்குத் தொழிலே புதிது. உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் தண்ணீர் குறைந்து கரும்பும் வாழையும் கைவிட்ட விவசாயி, சொட்டு நீரில் மல்பெரி வைத்தார். வீட்டுக்குள் மூங்கில் தட்டில் வளர்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. எடுத்த எடுப்பில் அரசு மானியத்தில் தனி வளர்ப்பு மனை கட்டினார். இலையைக் கிள்ளாமல் கிளையோடு வெட்டிப் போட்டார். முதல் இரண்டு பருவப் புழுவை இளம்புழு வளர்ப்பு மையமே வளர்த்துக் கொடுத்தது. மாதாமாதம் காசு பார்க்கிற வெள்ளாமை வேறு எது என்று அந்தப் பக்கம் கேட்பார்கள்.

காஞ்சிபுரத்துக் கணக்கில் இதைப் பார்ப்போம். மைசூர் இனக் கூடு ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு கிலோ நூலுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ கூடு வேண்டும். வெண்கூடு ஒன்று ஒன்றே முக்கால் கிராம் அளவு. ஆறு, ஆறரைக் கிலோ போதும். பன்னிரண்டாயிரம் கூட்டுக்குமேல் கேட்ட ஒரு கிலோ நூலை நாலாயிரத்துக்குக் குறைவான கூடு தந்துவிடுகிறது. அந்த நூலையும் சோப்பு நீரில் அவித்துக் கோந்தை எடுத்தால் கால்பங்கு எடை போகும் என்பது சாயப்பட்டறைக்காரர் அறிந்தது. மிஞ்சுவது பளபளக்கும் பாவு.

சுங்கச் சாவடியில் தோற்ற கதை

வெண்கூடு ஊன்றத் தொடங்கிய அதே ஆண்டுகளில் சீனப் பட்டு வந்து குவிந்தது. 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒன்பதாயிரம் டன் அளவுக்கு இறக்குமதி. சீரான நூல், குறைந்த விலை. நம் விலைக்குக் கீழே சீனன் விற்கிறான் என்றால் அது திட்டமிட்ட மலிவு விற்பனை என்று வளர்ப்போர் முறையிட, 2003-இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். 2011 நிதிநிலை அறிக்கையில் கச்சாப் பட்டின் அடிப்படைச் சுங்கவரி முப்பது விழுக்காட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கியது. கர்நாடகத்தின் ராமநகரம் அங்காடியில் கூட்டு விலை சரிந்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், பலர் மல்பெரியைப் பிடுங்கினார்கள். 2013-இல் வரி பதினைந்துக்கு ஏறியது.

இந்தச் சண்டையில் காஞ்சிபுரம் எந்தப் பக்கம்? உண்மையைச் சொன்னால், மலிவு நூலின் பக்கம். நூல் விலை ஏறினால் புடவை விலை ஏறும். புடவை தேங்கினால் தறி நிற்கும். முதலில் பட்டினி கிடப்பது நெசவாளி. நூல் விலையைக் குறைக்கச் சொல்லிக் கொடிபிடித்த கைகளும் கூட்டு விலையை ஏற்றச் சொல்லிக் கொடிபிடித்த கைகளும் ஒரே புடவையின் இரு முனையில் உழைத்தவை. ஒரே அரசாங்கம் மைசூரில் ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்து உள்நாட்டு நூலை வளர்த்தது. டெல்லியில் வரியைக் குறைத்து அதற்குப் போட்டியை அழைத்து வந்தது. அலேஸில் பாஸ்டர் காப்பாற்றிய புழுவுக்கு சூயஸில் நேர்ந்ததும் இதுதான்.

முத்திரை சட்டமானது

மத்திய பட்டு வாரியச் சட்டம் 2006-இல் திருத்தப்பட்டது. முட்டை உற்பத்தி செய்பவர், இளம்புழு வளர்ப்பவர் எல்லோரும் பதிவுபெற வேண்டும், முட்டைக்குத் தரச்சான்று வேண்டும் என்றானது. கர்நாடகம் இதற்கு 1959-லேயே சட்டம் வைத்திருந்தது. இப்போது நாடு முழுக்க வந்தது. ஓசூரில் உள்ள மரபுவளக் காப்பு நிலையம் ஆயிரத்துக்கு மேற்பட்ட மல்பெரி வகைகளையும் நூற்றுக்கணக்கான புழு இனங்களையும் தலைமுறை தலைமுறையாக உயிரோடு வைத்திருக்கிறது. விதை நெல்லைப்போல் மூட்டை கட்டிவைக்க முடியாது. புழு இனத்தை வளர்த்து, கலப்பில்லாமல் சேர்த்து, முட்டை எடுத்து, மறுபடி வளர்த்தால்தான் அது இருக்கும். லாபம் தராத, நிறுத்தினால் திரும்ப வராத இந்த வேலையை எந்தத் தனியார் கம்பெனியும் செய்யாது.

2004-இல் ஜப்பானும் சீனாவும் பட்டுப்புழுவின் மரபுத்தொகுதியின் முதல் வரைவைத் தனித்தனியே வெளியிட்டன. ஹைதராபாத்தில் மரபணு ரேகை, நோயறி மையத்தில் ஜே. நாகராஜு, இந்துப்பூர் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து பால்புழு நோயை எதிர்க்கும் மரபணு மாற்றப் புழுவை உருவாக்கினார். 2012-இன் கடைசி நாளில் அவர் காலமானார். ஆய்வு முடிவு மறு ஆண்டு வெளிவந்தது. அந்தப் புழு கட்டுப்படுத்திய சோதனைகளைத் தாண்டி விவசாயியின் வளர்ப்பு மனைக்கு வரவில்லை.

இன்றைக்கு இந்தியா உலகின் இரண்டாவது பெரிய பட்டு உற்பத்தி நாடு. 2023-24-இல் 38,913 டன் கச்சாப் பட்டு. 2021 முதல் 2026 வரையிலான ‘சில்க் சமக்ரா-2’ திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது 4,679.85 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் வெண்கூட்டைத் தானியங்கி நூற்பு இயந்திரத்தில் இழுத்துத் தரப்படுத்திய பாவு நூல் உற்பத்தியாகிறது. கொள்ளேகால் போன கடனை உடுமலையும் தர்மபுரியும் அடைத்துவருகின்றன.

இந்த நூற்றைம்பது ஆண்டுக் கதையில் அரசுப் பணம் எங்கே பலித்தது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முட்டையை அரசு தன் பொறுப்பில் எடுத்து, இனத்தைக் காத்து, தாயைச் சோதித்து, இளம்புழுவைக் கையில் கொடுத்து, கூட்டுக்கு ஏலக்கூடமும் அமைத்த இடத்தில் ஆராய்ச்சி பலித்தது. இவற்றில் ஒன்று விட்டுப்போன இடத்தில் அறிக்கையாகவே நின்றது. ஆராய்ச்சி ஒரு பக்கமும் சுங்கவரி எதிர்ப்பக்கமும் இழுத்த இடத்தில், நல்ல புழு இருந்தும் விவசாயி தோற்றார்.

நூலோடு அந்த அக்கறை முடிந்துபோனதையும் சொல்ல வேண்டும். முட்டைக்குச் சான்று உண்டு, கூட்டுக்கு ஏலம் உண்டு, நூலுக்குத் தர எண் உண்டு. 2004 முதல் கடைப் புடவைக்கு ‘சில்க் மார்க்’ முத்திரையும் உண்டு. அது சொல்வது துணி பட்டு என்பதை மட்டும். அதைக் கையால் நெய்தார்களா, விசைத்தறியில் ஓட்டினார்களா என்று அது சொல்லாது. சீரான பாவு நூல் கிடைத்ததால் அதிகம் பயனடைந்ததும் விசைத்தறிதான். அறாத நூல் கைத்தறிக்கு வசதி, விசைத்தறிக்கு அடிப்படைத் தேவை. நாடு முழுவதற்கும் கைத்தறியைக் காக்கவென்று 1985-இல் ஒரு சட்டம் வந்தது. எந்த ரகத்தைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று பட்டியலிட்ட அந்தச் சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1993-இல் வென்றது. வென்ற சட்டம் ஊருக்குள் என்ன ஆனது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(பாதை நீளும்)